நூலகம் எரிந்த ஊரிலிருந்து பிரபஞ்சத்தை அளந்த பாதிரியார்

1990ஆம் ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதன்பிறகு வருடக்கணக்கில் எங்களுக்கு இரவு என்றால் முழு இரவுதான். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக ஜாம் போத்தலில் செய்த சின்ன விளக்கு ஒன்று குசினிக்குள் எரியும். மற்றவர்கள் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருப்போம். பொம்பர் வந்தால் பங்கருக்குள் இறங்குவதற்கும் முற்றம்தான் வசதி. அம்மாவின் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிடுபவர், அறுமீனையும் வெள்ளியையும் காட்டித் தருவார். மழைக்கு முந்திய ஒரு நிலவில்லாத இரவில், வடக்குப் பக்கம் பஞ்சுத் துண்டு போல மங்கலாக ஒன்று தெரிந்தது. நட்சத்திரம் என்று சொல்ல முடியாது, முகில் என்றும் சொல்ல முடியாது. அப்புவுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. என் கண்ணில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக் கொண்டேன்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கத் தொடங்கிய பிறகுதான், ஒரு பழைய வானியல் புத்தகத்தில் அதன் படத்தைக் கண்டேன். அது அந்திரொமேடா. நாங்கள் இருக்கும் பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலம். அதிலிருந்து நான் கண்ட ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 25 இலட்சம் வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்து முடிக்க எனக்குக் கிடைக்கவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் எல்லோரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். புத்தகம் அங்கேயே கிடந்தது.

அந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் மட்டும் இடம் பெற்றிருந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஜோர்ஜ் லெமெத்ர். பெல்ஜியம் நாட்டவர், கத்தோலிக்கப் பாதிரியார், கணித அறிஞர். பிரபஞ்சம் விரிந்து கொண்டிருக்கிறது என்பதை, தூர மண்டலங்களின் ஒளியையும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளையும் ஒன்றாக வைத்து முதலில் கணக்கிட்டவர். ஹபிள் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர். இவரைத் தெரிந்தவர்கள் குறைவு. நான் இவரைத் தேடித்தேடி வாசித்ததற்கு அவருடைய கணக்கு மட்டும் காரணமில்லை. இவர் வாழ்ந்த ஊரும் எரிந்த ஊர்.

1894 ஜூலை 17ஆம் திகதி சார்ல்ருவா என்ற தொழில் நகரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் கண்ணாடித் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். தகப்பனும் கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருந்தவர். அது தீப்பிடித்து அழிந்த பிறகு குடும்பம் பிரஸல்ஸுக்கு மாறியது. மகன் 1911இல் லூவன் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். சிறு வயதிலேயே குருவாகவும் விஞ்ஞானியாகவும் வரவேண்டும் என்று நினைத்தவர் என்றாலும், வீட்டு நிலைமைக்குப் பொறியியல்தான் சரி என்று பட்டிருக்க வேண்டும். எங்கள் வீடுகளிலும் இது நடக்கிற கதைதான்.

1914 ஒகஸ்டில் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. லெமெத்ருக்கு வயது 20. அவரும் தம்பி ஜாக்கும் தொண்டர்களாகப் படையில் சேர்ந்தார்கள். அதே மாதம் 25ஆம் திகதி இரவு, லூவன் நகரைப் பிடித்திருந்த படை பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், அச்சுக்கலையின் ஆரம்ப காலப் பதிப்புகள் எல்லாம் சாம்பலாயின. அவர் படித்த நூலகம் அது. 1981 மே 31 இரவுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவனுக்கு இந்த வரியைத் தாண்டிச் செல்ல முடியாது. நானும் முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

பெல்ஜியத்தின் பெரும்பகுதி விழுந்த பிறகு, ஈஸர் ஆற்றங்கரையில் மிஞ்சியிருந்த ஒரு துண்டு நிலத்தைப் படை பிடித்து வைத்திருந்தது. கடல் மதகுகளைத் திறந்து வயல்வெளியை உப்புநீரால் நிரப்பித்தான் முன்னேற்றத்தைத் தடுத்தார்கள். லெமெத்ர் முதலில் காலாட்படையில் வீட்டுக்கு வீடு நடந்த சண்டைகளில் நின்றார். பிறகு பீரங்கிப் படைக்கு மாற்றப்பட்டார். 1915 ஏப்ரலில் ஈப்ர் நகருக்கு அருகே குளோரின் வாயு திறந்து விடப்பட்டபோது, அந்தக் காட்சியைக் கண்டவர்களில் இவரும் ஒருவர். போர் முடியும்வரை நான்கு வருடங்களும் களத்திலேயே இருந்தார். வீரத்துக்கான பதக்கமும் கிடைத்தது. ஆனால் அதிகாரியாக உயரவில்லை. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்கும் கைநூலில் பிழை இருக்கிறது என்று பயிற்றுநருக்கே சுட்டிக் காட்டியதால் பதவி உயர்வு போனது என்று ஒரு கதை உண்டு. அவருடைய குணத்துக்கு இது பொருந்தும்.

பதுங்கு குழிக்குள் இருந்த ஓய்வு நேரங்களில் பௌதிகவியல் புத்தகங்கள் வாசித்தார். அது எங்களுக்குப் புதினமல்ல. பங்கருக்குள் இருந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இன்று டொக்டர்களாகவும் எந்திரிகளாகவும் இருக்கிறார்கள்.

போர் முடிந்து வந்தவர் பொறியியலுக்குத் திரும்பவில்லை. கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் மாறி 1920இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த வருடமே குருமடத்தில் சேர்ந்தார். 1923 செப்டெம்பரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருமடத்தில் இருந்த காலத்தில்தான் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையைத் தனியே இருந்து படித்தார்.

அடுத்து கேம்பிறிட்ஜ். அங்கே எடிங்டனிடம் ஒரு வருடம். எடிங்டன் குவேக்கர் சமயத்தவர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். இவரோ பதக்கம் வாங்கிய போர்வீரன். இருவருக்கும் நன்றாக ஒத்துப் போனது. பிறகு அமெரிக்கா, ஹார்வார்ட் வானாய்வு நிலையம். எம்.ஐ.டி.யில் இரண்டாவது கலாநிதிப் பட்டத்துக்கும் பதிந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் அமெரிக்காவில் நின்ற மாதங்களில்தான் வானத்தைப் பற்றிய எண்ணமே மாறியது. 1925 ஜனவரி முதலாம் திகதி வாஷிங்டனில் நடந்த கூட்டத்தில் ஹபிளின் முடிவு வாசிக்கப்பட்டது. அந்திரொமேடாவில் உள்ள செஃபீட் வகை நட்சத்திரங்களின் பிரகாசம் கூடிக் குறையும் காலத்தை வைத்து அவர் தூரத்தைக் கணக்கிட்டிருந்தார். அது பால்வீதிக்கு மிக வெளியே இருக்கிறது என்பது உறுதியானது. லெமெத்ர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பிறகு நாட்டின் மறுகரைக்குப் போய் ஹபிளைச் சந்தித்தார். அரிசோனாவுக்குப் போய் ஸ்லிஃபரையும் சந்தித்தார்.

ஸ்லிஃபரின் வேலை என்ன? நட்சத்திர ஒளியை ஒரு பட்டகத்தினூடாகச் செலுத்தினால் வானவில் போல நிறமாலை விரியும். அதற்குள் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு மூலகத்துக்கும் அதற்கென்று கோடுகள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் அந்தப் பொருள் எங்களை நோக்கி வருகிறது. சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் எங்களை விட்டுப் போகிறது. இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. பொம்பர் எங்களை நோக்கி வரும்போது ஒரு சுருதி, தலைக்கு மேலால் கடந்து போகும்போது இறங்கிய இன்னொரு சுருதி. கண்ணை மூடிக்கொண்டு பங்கருக்குள் இருந்தபடியே எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளைக்கும் அது தெரியும்.

1912இல் ஸ்லிஃபர் அந்திரொமேடாவை அளந்தார். அது செக்கனுக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் எங்களை நோக்கி வந்து கொண்டிருந்தது. ஆனால் 1917ஆம் ஆண்டளவில் அவர் அளந்து முடித்த 25 மண்டலங்களில் பெரும்பாலானவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. ஏன் எல்லாம் எங்களை விட்டு ஓடுகின்றன? யாரிடமும் சரியான பதில் இல்லை. ஐன்ஸ்டைனின் பிரபஞ்சம் அசையாமல் நின்றது. அது சரிந்து விழாமல் இருப்பதற்காகத் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியையும் சேர்த்திருந்தார். டி சிற்றரின் பிரபஞ்சத்தில் ஒளி சிவப்படையும், ஆனால் உள்ளே பொருளே இல்லை.

லூவனுக்குத் திரும்பிப் பேராசிரியரான லெமெத்ர், 1927இல் பிரஸல்ஸ் விஞ்ஞானச் சங்கத்தின் சஞ்சிகையில் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் கருத்து இதுதான். மண்டலங்கள் வெளிக்குள்ளே குண்டு போலப் பறக்கவில்லை. வெளியே நீள்கிறது, மண்டலங்களை அது தன்னோடு கொண்டு போகிறது. வெளி நீளும்போது அதற்குள் பயணம் செய்யும் ஒளியின் அலையும் நீள்கிறது. நீண்ட அலை சிவப்பு. ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சம் எவ்வளவு பெரிதாக இருந்தது, வந்து சேர்ந்தபோது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற விகிதம்தான் அந்தச் சிவப்பில் பதிந்திருக்கிறது. ஆகவே நான் மேலே சொன்ன பொம்பர் உதாரணம் அரைவாசிதான் சரி. பொம்பர் வானத்துக்குள் ஓடுகிறது. இங்கே வானமே நீள்கிறது.

அதோடு நிற்கவில்லை. 42 மண்டலங்களின் வேகங்களையும் தூரங்களையும் எடுத்து, விரிவின் வீதத்தையும் கணக்கிட்டார். ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும், அதாவது ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டுகளுக்கும், வேகம் செக்கனுக்கு 625 கிலோமீற்றர் கூடுகிறது என்று வந்தது. இரண்டு வருடம் கழித்து ஹபிள் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இருப்பது 500 அளவு. ஹபிளிடம் சிறந்த தொலைகாட்டியும் இன்னும் நல்ல தூர அளவீடுகளும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் சொன்னவர் இந்தப் பாதிரியார்.

யாரும் கவனிக்கவில்லை. சிறிய நாடு, சிறிய சஞ்சிகை, பிரெஞ்சு மொழி. அதே வருடம் ஒக்டோபரில் பிரஸல்ஸில் நடந்த சொல்வே மாநாட்டுக்கு ஐன்ஸ்டைன் வந்தார். பூங்காவில் நடந்தபடி இருவரும் பேசினார்கள். கணக்கில் பிழையில்லை, ஆனால் பௌதிகவியலாகப் பார்த்தால் சகிக்க முடியாதது என்ற கருத்தில் ஐன்ஸ்டைன் பதில் சொன்னதாக லெமெத்ர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். விரியும் பிரபஞ்சத்துக்கான கணக்கை ரஷ்யரான ஃபிரீட்மன் 1922இலேயே செய்துவிட்டார் என்பதையும் ஐன்ஸ்டைன்தான் அவருக்குச் சொன்னார். இவருக்கு அது அதுவரை தெரியாது. ஃபிரீட்மன் 1925இல் காய்ச்சலில் இறந்துவிட்டிருந்தார். அவர் நிறமாலைகளைத் தொடவில்லை, வெறும் கணிதம்தான்.

1930இல் எடிங்டனும் டி சிற்றரும் லண்டனில் இதே சிக்கலைப் பற்றி விவாதித்த செய்தியை லெமெத்ர் வாசித்தார். மூன்று வருடத்துக்கு முன் தான் எழுதியதை நினைவூட்டி எடிங்டனுக்குக் கடிதம் போட்டார். எடிங்டனுக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். உடனே அதை ஊருக்கெல்லாம் அறிவித்தார். 1931இல் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வெளியானது. அதில் ஒரு விடயம் காணாமல் போயிருந்தது. விரிவின் வீதத்தைக் கணக்கிட்ட பகுதி இல்லை. ஹபிளுக்குப் பெருமை சேர்க்க யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பல வருடங்கள் சந்தேகம் இருந்தது. 2011இல் ஒரு கடிதம் வெளிவந்தது. மொழிபெயர்த்தவரே லெமெத்ர்தான். இப்போது புதிய அளவீடுகள் வந்துவிட்டபடியால் தன் பழைய எண்ணை மறுபடி அச்சிடத் தேவையில்லை என்று அவரே விட்டிருக்கிறார். பெயருக்காக ஒருவரையொருவர் இழுத்து விழுத்துவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதை நம்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது. 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, அந்த விதியை ஹபிள்–லெமெத்ர் விதி என்று அழைக்கும்படி பரிந்துரைத்தது. அவர் இறந்து 52 வருடங்களுக்குப் பிறகு.

1931 மே மாதம் நேச்சர் சஞ்சிகையில் மிகச் சிறிய ஒரு குறிப்பு எழுதினார். விரிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் திரண்டிருந்த ஒரு தொடக்கம் வருகிறது. எல்லாப் பொருளும் ஒரே ஒரு ஆதி அணுவாக இருந்து, சிதைந்து, பிரிந்து இன்றைய பிரபஞ்சமாகியது என்றார். இன்று பெருவெடிப்பு என்று சொல்லப்படும் கொள்கையின் முதல் வடிவம் இது. அந்தப் பெயரை வைத்தவர் 1949இல் வானொலியில் பேசிய ஃபிரெட் ஹொய்ல். அவர் இந்தக் கொள்கையையே ஏற்காதவர்.

எதிர்ப்புக்குக் காரணமும் இருந்தது. ஹபிளின் எண்ணை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி வருடம்தான். பூமியின் பாறைகள் அதைவிடப் பழையவை என்று கதிரியக்க அளவீடுகள் காட்டின. தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூட. இந்த முடிச்சு அவிழ்ந்ததற்கும் ஒரு போர்தான் வழி செய்தது. இரண்டாம் உலகப் போரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இரவில் விளக்கணைத்துக் கிடந்தது. மற்ற வானியலாளர்கள் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜேர்மனியில் பிறந்தவர் என்பதால் போர் வேலையில் சேர்க்கப்படாத வால்டர் பாடே மட்டும் மவுண்ட் வில்சன் மலையில் பெரிய தொலைகாட்டியோடு இருந்தார். அந்த இருட்டில் அந்திரொமேடாவின் நடுப்பகுதி நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் படமெடுத்தார். செஃபீட்கள் இரண்டு வகை என்பது அதிலிருந்து தெரியவந்தது. 1952இல் தூரங்கள் எல்லாம் இரட்டிப்பாகின, வயதும் கூடியது. இன்றைய கணக்கு 1380 கோடி வருடம். மின்சாரம் இல்லாத எங்கள் முற்றத்தில் அந்திரொமேடா கண்ணுக்குப் பட்டது ஏன் என்று இதை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதே போர் லெமெத்ரை மறுபடியும் தேடி வந்தது. 1940 மே மாதம் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்ப முயன்று, வழியிலேயே அகப்பட்டுத் திரும்பினார். முதல் போருக்குப் பிறகு அமெரிக்க நன்கொடையில் புதிதாகக் கட்டி 1928இல் திறந்த லூவன் நூலகம் அந்த மாதமே மறுபடி எரிந்தது. இந்தத் தடவை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் நூல்கள். 1944இல் நேசநாடுகளின் விமானக் குண்டு அவருடைய வசிப்பிடத்தையும் தாக்கியது. ஆக்கிரமித்தவன் எரித்தது ஒரு பக்கம், மீட்க வந்தவன் போட்ட குண்டு மறுபக்கம். அவர் உயிர் தப்பினார். அந்த வருடங்களில் வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்து, பெரும்பாலும் கற்பித்தலோடும் கணக்கோடும் இருந்தார்.

அவரிடம் நான் மிகவும் மதிக்கும் சம்பவம் 1951இல் நடந்தது. அந்த நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் கண்ட இந்தத் தொடக்கத்தைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டும் தொனியில் உரையாற்றினார். ஒரு பாதிரியாருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் வேண்டுமா? லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன்னுடையது ஒரு கருதுகோள், நாளை பிழையென்று போகலாம், அதில் சமயத்தைக் கட்டிவைக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. அடுத்த வருடம் ரோமில் நின்று, வத்திக்கான் வானாய்வு நிலையத் தலைவரோடு இது பற்றிப் பேசினார். 1952 செப்டெம்பரில் வானியலாளர்கள் முன் பாப்பரசர் மீண்டும் உரையாற்றியபோது அந்த வாதம் இடம்பெறவில்லை.

அவருக்கும் பிழைத்தது. ஆதி அணு சிதைந்தபோது மிஞ்சிய சாம்பல் அண்டக் கதிர்கள்தான் என்று நம்பி வருடக்கணக்கில் அவற்றின் பாதைகளைக் கணக்கிட்டார். அவை வேறு இடத்திலிருந்து வருபவை. ஆனால் ஒரு சாம்பல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரி. ஐன்ஸ்டைன் கைவிட்ட அந்த மாறிலியையும் அவர் கடைசிவரை விடவில்லை. 1934இல் அதை வெற்று வெளியின் ஆற்றலாக விளக்கினார். 1998இல் தூர மண்டலங்களில் வெடித்த நட்சத்திரங்களின் ஒளி எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததால், விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்று தெரிந்தது. மாறிலி திரும்பி வந்தது.

1964 கடைசியில் மாரடைப்பு வந்தது. அந்த நேரம் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய அன்ரெனாவில் நிற்காமல் கேட்ட இரைச்சலோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி எச்சத்தைக் கழுவியும் போகவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு இரைச்சல். 1965இல் விளக்கம் வெளியானது. பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 வருடத்தில் விடுபட்ட ஒளி, விரிவினால் நீண்டு நீண்டு நுண்ணலையாகி இன்றும் எங்கும் நிறைந்திருக்கிறது. அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 270 பாகை அளவு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி தேடிய இரவுகளில் நிலையங்களுக்கு இடையே கேட்ட இரைச்சலில் அதன் மிகச் சிறிய பங்கும் இருந்திருக்கும்.

1966 ஜூனில் அவருடைய உதவியாளராக இருந்த ஒடோன் கொடார் வைத்தியசாலைக்கு இந்தச் செய்தியைக் கொண்டு போனார். லெமெத்ர் கேட்டு மகிழ்ந்தார். 20ஆம் திகதி காலமானார். சார்ல்ருவா பக்கத்தில் மார்சினெல் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

கடைசி வருடங்களில் அவரை அதிகம் வருத்தியது வானமல்ல. லூவன் பிளெமிஷ் மொழி பேசும் பகுதியில் இருந்த ஊர். அங்கிருந்து பிரெஞ்சு மொழிப் பிரிவு வெளியேற வேண்டும் என்ற கோரிக்கை 1960களில் வலுத்தது. பிரெஞ்சு மொழி பேசுபவரான அவர் 1962இல் கல்வியாளர் சங்கமொன்றைத் திரட்டி பிரிவினையை எதிர்த்தார். பிளெமிஷ்காரரின் பக்கத்திலும் நீண்டகாலக் குறைகள் இருந்தன என்பதை எங்களைவிட யார் விளங்கிக்கொள்வார்கள். அவர் இறந்து இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகம் இரண்டானது. இரண்டு தடவை எரிந்து மூன்றாவது தடவை சேர்த்த நூல்களையும் பங்கு போட்டார்கள். தட்டில் ஒற்றை எண் போட்ட புத்தகங்கள் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம். பிரெஞ்சுப் பிரிவுக்காக வெறும் வயல்வெளியில் லூவன்-லா-நெவ் என்ற புதிய ஊரைக் கட்டினார்கள். லெமெத்ரின் கையெழுத்துத் தாள்களும் கடிதங்களும் இன்று அங்கேதான் இருக்கின்றன.